ஓவர் டைம் கணக்கைச் சரி பண்ணித் தந்த அலுவலகம்

யாழ்ப்பாணம் பெரியகடைப் பகுதியில் புடைவைக் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு ஏழு பேர். ஓவர் டைம் என்றால் எங்கள் கடையில் மணித்தியாலத்துக்கு 100 ரூபாயும் இரவுக்கு ஒரு கொத்துரொட்டியும். அப்பா காலத்து வழக்கம்; காசு மட்டும் இடையிடையே கூடியது. 2026 ஜனவரியிலிருந்து சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாயிலிருந்து 30,000 ஆகிறது என்றதும்தான் கொஞ்சம் பயம் வந்து, ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு கணக்காளர் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த பிள்ளைக்கு முப்பது வயதும் இராது. சட்டம் விளக்கத் தொடங்குவா என்று பார்த்தால், "அண்ணை, நல்லூர்த் திருவிழா மாதத்து வரவுப் பதிவேடு இருக்கோ?" என்று கேட்டா. திரும்பிப் போய் எடுத்துவந்தேன். கடையில் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. திருவிழா 25 நாளும் நாங்கள் இரவு ஒன்பதரைக்குத்தான் பூட்டினோம். சிவப்புப் பேனையால் அவ போட்ட வட்டங்களை எண்ண எனக்கு மனம் வரவில்லை.

பிறகு காசுக் கணக்கு. மாதச் சம்பளத்தை 240 ஆல் பிரித்து ஒன்றரையால் பெருக்க வேண்டும். 30,000 என்றால் மணித்தியாலத்துக்கு 187 ரூபாய் 50 சதம். என்னுடைய 100 ரூபாய், சம்பளம் 17,500 ஆக இருந்த காலத்துக்கே காணாது. அப்போதே 109 சொச்சம் வரவேண்டும். கொத்துரொட்டியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டேன். சிரித்தாவே தவிர பதில் சொல்லவில்லை.

ஓவர் டைம் காசுக்கும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்ட வேண்டுமோ என்பதுதான் என் பெரிய பயம். தேவையில்லையாம். ஆனால் 30,000 சம்பளத்துக்கு என் பங்கு 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், ஆளுக்கு 4,500. ஏழு பேருக்கும் 31,500. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு அவ சொன்ன வழி எனக்குப் பிடித்தது: மூன்று பேர் காலை வழமைபோல, நான்கு பேர் மத்தியானம் ஒரு மணிக்கு வரட்டும். பின்னேரம்தானே சனம் வருகிறது, காலையில் ஏழு பேரும் நின்று என்ன செய்கிறார்கள் என்று கேட்டா. இத்தனை வருடம் எனக்கு அது தோன்றவில்லை.

குறை ஒன்று உண்டு. கையில் தந்துவிட்ட எக்செல் தாளில் 240 க்குப் பதிலாக 200 கிடந்தது. அது சம்பளச் சபைத் தொழில்களுக்கான (தனிச் சபை சம்பளம் தீர்மானிக்கும் தொழில்களுக்கான) கணக்கு, கடைக்கு உரியதல்ல. வீட்டில் என் மகள்தான் கண்டுபிடித்தாள். அப்படியே போட்டிருந்தால் மணித்தியாலத்துக்கு 225 ரூபாய், அதாவது 37 ரூபாய் 50 சதம் கூட. ஃபோன் பண்ணியதும் மன்னிப்புக் கேட்டு அன்றைக்கே திருத்தி அனுப்பினார்கள், சரி. ஆனால் 7,500 ரூபாய் வாங்குகிறவர்கள் தாளை ஒருதரம் பார்த்துத் தந்திருக்கலாம்.

போகிறவர்கள் மூன்று மாதப் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோங்கள், என்னைப் போல இரண்டு தரம் அலைய வேண்டாம். சனிக்கிழமை கூட்டம். படியும் செங்குத்து, முழங்கால் நோ உள்ளவர்கள் ஃபோனில் கதைத்து அவர்களைக் கடைக்கே வரச் சொல்லலாம். அதற்கு வேறாகக் காசு எடுப்பதில்லை.