ஆயில் மூடியில் பால் நிறப் படிவு: ஓட்டிப் பார்ப்பதா, சோதனைக்கு விடுவதா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் இடையே மட்டும் ஓடும் காரின் எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்தால், உள்பக்கம் மோர்க்குழம்பைப் பூசியது போன்ற வெளிர்மஞ்சள் குழைவு ஒட்டியிருப்பதுண்டு. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் மேல்பகுதியான ஹெட்டின் அடியில், குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டதோ என்று அஞ்சுவோருக்கு இரண்டு வழிகள் உள்ளன: மூடியைத் துடைத்துவிட்டு நெடுந்தூரம் ஓட்டிப் பார்ப்பது, அல்லது மெக்கானிக்கிடம் கூலன்ட் பிரஷர் சோதனை செய்வது, அதாவது கூலன்ட் ஓடும் பாதையில் அழுத்தம் ஏற்றி அது குறைகிறதா என்று பார்ப்பது.

செலவு: முன்னதற்குப் பெட்ரோல் மட்டுமே, பின்னதற்குக் கூலி உண்டு, எனினும் ஹெட்டைக் கழற்றும் செலவுக்கு முன் அது சிறிது.

நேரம்: மாமல்லபுரம் வரை ஒருமுறை போய்வந்து, சில நாள் கவனிக்க வேண்டும், சோதனை அன்றைக்கே முடியும்.

நம்பகம்: குறுகிய ஓட்டத்தில் ஆயில் போதிய சூடு ஏறாததால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல், குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு குழைகிறது; நீண்ட ஓட்டத்துக்குப் பின் படிவு திரும்பாவிட்டால் காரணம் பெரும்பாலும் அதுவே. சோதனையில் அழுத்தமானியின் முள் இறங்கினால் கூலன்ட் எங்கோ கசிவது உறுதி. ஆனால் சூட்டில் மட்டும் திறக்கும் நுண்ணிய விரிசல் அதிலும் தப்பலாம்.

டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில்) ஆயில் தெளிவாகவும் கூலன்ட் மட்டம் குறையாமலும் இருந்தால் ஓட்டிப் பார்ப்பதே என் தேர்வு. டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம், குறையும் கூலன்ட், எஞ்சின் சூடான பின்னும் நிற்காத வெண்புகை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், வண்டியை இழுவை வண்டியில் ஏற்றிச் சோதனைக்கு அனுப்புங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு இரண்டுமே பொருந்தாது. ஸ்டார்ட் செய்யாமல் முதலில் ஆயிலை வடித்தாக வேண்டும்.