திருகாணி நழுவும் தட்டு: ஒரு குரோஷாத் தொகுப்பின் மதிப்பீடு

இரவில் தோட்டைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, காலையில் திருகாணியைத் தேடித் தரையெல்லாம் தடவுவது எனக்கு நெடுநாள் வழக்கம். அதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்றுதான், நகை வைக்கும் சிறு தட்டை நாமே குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலையில், செய்துகொள்வதற்கான தொகுப்பு ஒன்றை இணையத்தில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். தந்தநிறத்தில் ஒன்றும் கடுகு மஞ்சளில் ஒன்றுமாக இரண்டு பருத்தி நூலுருண்டைகள், 2.5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி, சுற்றின் தொடக்கத்தைக் குறிக்கும் வளையம், நூல் முனையைச் செருக மழுங்கிய ஊசி, பின்னலை விறைப்பாக்கும் திரவம் ஒரு குட்டிப் புட்டியில், 12 பக்கக் கையேடு ஆகியவை அதில் இருந்தன.

நூலில் குறை சொல்ல இடமில்லை. அது மெர்சரைஸ் செய்த பருத்தி. காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்த பருத்தி இழை உப்பி, வலுவும் சாயம் ஏற்கும் திறனும் கூடப்பெறுவதை ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844இல் கண்டறிந்தார்; நூலை இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் பட்டின் பளபளப்பும் வரும் என்பது பின்னர் தெரியவந்தது. நகைத்தட்டுக்குப் பளபளப்பைவிட முக்கியமானது, இந்த நூலில் பிசிறு குறைவு என்பதே. கல் மோதிரத்தின் கவ்விகள் அதில் எளிதில் சிக்குவதில்லை. கம்பளி நூலால் பின்னலாமே என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கம்பளியில் கந்தகம் உண்டு, வெள்ளி அதில் கிடந்தால் விரைவில் கறுக்கும். மெட்டியும் கொலுசும் வைப்பதற்குப் பருத்தியே ஏற்றது.

அடித்தட்டைப் பின்னும் கணக்கைக் கையேடு தெளிவாகவே விளக்குகிறது. நடு வளையத்தில் 6 கண்கள், அதாவது ஊசியால் போடும் தனித்தனிப் பின்னல்கள், போட்டுத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சம இடைவெளியில் 6 கண்களைக் கூட்டிக்கொண்டே போனால் பத்தாவது சுற்றில் 60 கண்கள் வரும்; வட்டம் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் தட்டையாகப் படியும். கூட்டுவது குறைந்தால் ஓரம் கிண்ணம்போல் மேலெழும், மிகுந்தால் ஆடைக் கொசுவம்போல் அலையலையாக நெளியும். பத்தாம் சுற்றுக்குப் பிறகு கூட்டாமல் ஏழு சுற்றுகள் பின்னினால் சுவர் தானாக எழுகிறது.

சிக்கல் இருப்பது பின்னல்களின் பெயரில். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று சொல்வதைத்தான் பிரிட்டிஷ் வழக்கில் டபுள் குரோஷே என்பார்கள். இந்தக் கையேடு மூன்றாம் பக்கத்தில் ஒன்றையும் ஆறாம் பக்கத்தில் மற்றொன்றையும் எழுதிவிட்டு, எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்பதை எங்குமே சொல்லவில்லை. அமெரிக்க வழக்கில் டபுள் என்பது வேறொரு, உயரமான பின்னல். நான் ஆறாம் பக்கத்து டபுளை அமெரிக்க வழக்காக எடுத்துக்கொண்டு, சுவர் முழுவதையும் அந்த உயரமான பின்னலில் போட்டேன். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பின்னலின் இடைவெளிகள் பெரியவை. முதல் இரவே திருகாணி ஓர் இடுக்கின் வழியாக நழுவிக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. மறுநாள் சுவரைப் பிரித்து, என்னிடமிருந்த 2 மில்லிமீட்டர் ஊசியால் குட்டைப் பின்னலில் இறுக்கிப் போட்ட பிறகே இடைவெளிகள் அடைபட்டன. விற்பனையாளருக்கு எழுதியதற்கு நன்றி தெரிவித்துப் பதில் வந்தது, திருத்தம் வரவில்லை.

விறைப்புத் திரவமும் போதவில்லை. அடித்தட்டு நனைந்ததோடு புட்டி காலி. சர்க்கரைப் பாகில் தோய்த்து விறைப்பாக்குவது ஐரோப்பாவில் பழைய வழக்கம், நம் வீடுகளில் அது எறும்புக்கு வைக்கும் விருந்து. பருத்திப் புடவைக்குப் போடுவதுபோல் சோற்றுக்கஞ்சி போட்டுப் பார்த்தேன். வெயில் நாளில் அப்பளமாக விறைத்த தட்டு, இரண்டு நாள் மழையில் ஈரம் வாங்கித் துவண்டுவிட்டது. கடைசியில் வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்துத் தோய்த்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிய டம்ளரின் அடியில் கவிழ்த்து ஒரு நாள் முழுதும் உலரவிட்டதில்தான் உருவம் நிலைத்தது. பசையிட்ட தட்டைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கொக்கி ஊசி பிடித்துப் பழகியவர்கள் நூலுக்காகவே இந்தத் தொகுப்பை வாங்கலாம், கொடுத்த பணத்துக்கு அது தகும். புதிதாகக் கற்பவர்களுக்கு, தொகுப்பின் உறையில் தொடக்கநிலை என்று அச்சிட்டிருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். மஞ்சள் நூல் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. விளிம்பில் அதைக்கொண்டு சங்கிலி வளைவுகள் போடச் சொல்கிறது கையேடு, நான் போடவில்லை. ஜிமிக்கியின் கொக்கி அந்த வளைவுகளில் மாட்டிக்கொண்டால், எடுக்கும்போது தட்டும் கூடவே வந்துவிடும்.