சோஷி அராய் கொமாச்சி: பட்டில் அச்சிட்ட நகலை வாங்கலாமா?

டோக்கியோ உயெனோவில் உள்ள கலைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஜப்பானிய ஓவியர் உயெமுரா ஷோயென் 1937இல் பட்டில் வரைந்த 'சோஷி அராய் கொமாச்சி' (சுவடி கழுவும் கொமாச்சி) என்ற ஓவியத்தைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நின்றுவிட்டது. பட்டு ஓவியங்களை வெளிச்சத்திலிருந்து காக்க வேண்டும் என்பதால் வருஷம் முழுக்க மாட்டிவைக்க மாட்டார்கள். அதனால் இணையக் கடை ஒன்றில் பட்டுத்துணியில் அச்சிட்ட நகலை வாங்கினேன்.

படத்தில் இருப்பவர் ஒன்பதாம் நூற்றாண்டின் அரசவைக் கவிஞர் ஓனோ நோ கொமாச்சி. காட்சி, முகமூடி அணிந்து நடிக்கும் பழைய ஜப்பானிய மேடைக்கலையான நோ நாடகம் ஒன்றிலிருந்து வருகிறது. மறுநாள் கவிப்போட்டி, கொமாச்சி தன் கவிதையை வீட்டில் சொல்லிப் பார்ப்பதை எதிராளி குரோனுஷி ஒட்டுக்கேட்டு, அதைப் பழைய தொகுப்பான மன்யோஷூ சுவடியில் எழுதிவைத்துவிட்டு, அவையில் 'இது திருட்டுக் கவிதை' என்கிறான். அவள் தண்ணீர் கேட்டு வாங்கிச் சுவடியைக் கழுவுகிறாள். பழைய எழுத்து அப்படியே இருக்க, நேற்று எழுதியது மட்டும் கரைந்து போகிறது. விதைக்காமலே தண்ணீரில் முளைக்கும் பாசியைப் பற்றிய கவிதை அது, தண்ணீராலேயே மீள்கிறது! ஷோயென் அவளுக்கு நோ மேடையின் உடையைக் கொடுத்து, முகமூடியை மட்டும் உயிருள்ள முகமாக மாற்றியிருக்கிறார்.

சரி, நகலுக்கு வருகிறேன். உடையின் நிறங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. நெற்றியில் கூந்தல் தொடங்கும் இடத்தில் ஷோயென் ஒவ்வொரு முடியாக இழுத்த கோடுகளைக்கூடப் பிரித்துப் பார்க்க முடிகிறது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் முகம் போய்விட்டது. ஜப்பானிய ஓவியத்தில் முகத்துக்குச் சிப்பி ஓட்டை அரைத்த வெள்ளைத் தூளை வஜ்ஜிரத்தில் குழைத்து மெல்லிசாகப் பூசுவார்கள். அந்த வெண்மை பட்டின் மேல் உட்கார்ந்து உள்ளிருந்து ஒளிர்வது போலத் தெரியும். நகலில் அது வெறும் இளஞ்சிவப்பு மை. குற்றம் சுமத்தப்பட்டும் கலங்காத அந்த நிதானம் இதில் இல்லை.

இன்னொரு குறை, குறுகிய குழாயில் இறுக்கிச் சுருட்டி அனுப்பியதால் குறுக்கே மடிப்பு விழுந்துவிட்டது. கடைக்காரர் பதிலே போடவில்லை.

ஐந்துக்கு மூன்று தருவேன். உடையும் கூந்தலும் போதும் என்றால் வாங்குங்கள். முகம்தான் வேண்டுமென்றால் உயெனோவில் மறுபடி மாட்டும்வரை பொறுங்கள், நானும் காத்திருக்கிறேன்.