சுரண்டுவதா, மூடிவிடுவதா? பிள்ளை வரப்போகும் வீட்டில் பழைய பெயிண்ட்

மகளைப் பேறுகாலத்துக்கு அழைத்து வரப்போகிறோம் என்றதும் நம் பக்கத்தில் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். சிங்கப்பூரிலிருந்து பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தாலும் அப்படித்தான், வீட்டில் கல்யாணம் என்றாலும் அப்படித்தான். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என எங்கே பார்த்தாலும், வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு ஆள் வரும் நேரத்தில்தான் திறக்கிறது. சுரண்டும் வேலையும் அப்போதுதான் நடக்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண்ணும், தவழுகிற ஒரு குழந்தையும் இருக்கப்போகும் அதே வாரங்களில் பழைய பெயிண்டைப் பொடியாக்கி முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை பரப்புகிறோம். அந்தப் பொடியில் காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்த வேலையைச் செய்ய நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஆபத்து ஒரே அளவு இல்லை.

முதலில், ஏன் இவ்வளவு கவலை என்று சொல்லிவிடுகிறேன். காரீயத்தைக் கால்சியம் என்றே எண்ணி உடம்பு உள்ளே விட்டுவிடுகிறது. கருவிலும் முதல் சில வருடங்களிலும் மூளைச் செல்கள் ஒன்றோடொன்று இணைப்புப் போட்டுக்கொள்ளும்போது, அந்த வேலைக்குக் கால்சியம் வேண்டும். அந்த இடத்தில் காரீயம் போய் உட்கார்ந்தால் இணைப்புகள் சரியாக அமைவதில்லை. நஞ்சுக்கொடியால் இதைத் தடுக்க முடியாது. தாயின் எலும்பில் பல வருடங்களாகத் தேங்கிய காரீயம்கூடக் கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது இரத்தத்துக்கு வந்து பிள்ளைக்குப் போகிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்குக்குள்தான் எடுத்துக்கொள்ளும். சின்னக் குழந்தை ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை இன்னும் அதிகமாக.

‘கொஞ்சம்தானே, என்ன ஆகிவிடும்’ என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2005-இல் பல நாடுகளைச் சேர்ந்த 1,333 குழந்தைகளின் தரவைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் காரீயம் 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10-க்கு ஏறும்போது ஐ.க்யூ. 3.9 புள்ளி குறைந்தது. 10-லிருந்து 20-க்கு ஏறும்போது மேலும் 1.9 புள்ளிதான். அதாவது, அடி பலமாக விழுவது முதல் கொஞ்சத்தில்தான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2020-இல் வந்த யுனிசெஃப் அறிக்கையின் மதிப்பீட்டில், இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. காய்ச்சலோ வாந்தியோ பெரும்பாலும் வராது. பள்ளிக்கூடம் போன பிறகு கவனம் நிற்கவில்லை, கணக்கு ஏறவில்லை என்று தெரியும்; அப்போது காரணம் யாருக்கும் நினைவுக்கு வராது.

வீட்டில் எங்கே இருக்கிறது? சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை நான் பெரிதாகச் சந்தேகப்பட மாட்டேன். தேக்குத் தூண்களுக்கும் நிலைகளுக்கும் பின்னால் வந்தவர்கள் அடித்த எண்ணெய்ப் பெயிண்ட், ஜன்னல் கம்பிகளுக்கு அடித்த ரெட் லெட் ப்ரைமர் (காரீயம் கலந்த சிவப்பு அடிப்பூச்சு), பளிச்சென்ற மஞ்சள், பச்சை, ஆரஞ்சு நிறங்கள் ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எண்ணெய்ப் பெயிண்ட் எதுவானாலும் காரீயம் உள்ளது என்றே வைத்துக்கொள்வது நல்லது.

மெஷினா, தீயா, ரிமூவரா, ஈரமா?

பெயின்டர் முதலில் சொல்வது சாண்டர் மெஷின், அதாவது உப்புத்தாள் பொருத்தித் தேய்க்கும் மெஷின். ஒரே நாளில் தூண் பளபளவென்று வந்துவிடும், கூலியும் குறையும். ஆனால் இந்தப் பட்டியலிலேயே மோசமான வழி இதுதான். பழைய பெயிண்டை மாவைவிட நைசாக அரைத்துக் காற்றில் விடுகிறது. வளவு (நடு முற்றம்) வழியாக அது எல்லா அறைக்கும் போகும், உத்தரத்தில் படியும், பல வாரம் கழித்தும் இறங்கிக்கொண்டே இருக்கும். உலர்ந்த உப்புத்தாளால் கையால் தேய்ப்பது வேகத்தில் குறைவு, விளைவு அதே.

அடுத்தது ப்ளோ லாம்ப், பெயிண்டின் மேல் தீயைப் பீய்ச்சும் விளக்கு. தேக்கின் செதுக்கல் இடுக்குகளில் பெயிண்ட் உருகிக் கழன்று வரும் என்பதால் பழைய ஆட்களுக்கு இது பிடிக்கும். தூசி குறைவுதான், ஆனால் அந்தச் சூட்டில் காரீயம் புகையாகிறது. புகை கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து நேராக இரத்தத்தில் கலக்கும். பழைய பெயிண்ட் உள்ள வீடுகளுக்காக அமெரிக்காவில் 2010-இல் நடைமுறைக்கு வந்த விதி, தீயால் எரிப்பதையும், தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாத மெஷினால் தேய்ப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. நம்மூரில் இந்த இரண்டும்தான் வழக்கமான முறை என்பது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கெமிக்கல் ரிமூவரில் தூசி இல்லை, செதுக்கலும் கெடாது. ஆனால் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருந்தால் வாங்க வேண்டாம். அதை மூச்சில் இழுத்தால் உடம்பு அதையே கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது; மூடிய அறையில் வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அது இல்லாத ரிமூவரையும் கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த்தான் போட வேண்டும்.

ஈரமாகச் சுரண்டுவது நிதானமான வழி. தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினால் பெயிண்ட் சில்லாகவும் சேறாகவும் கீழே விழும், பறக்காது. கீழே தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்து, அப்படியே சுருட்டிக் கட்டிவிடலாம். நாலு நாள் வேலை பத்து நாளாகும். தேக்கு தண்ணீரைக் குடித்தால் நார் எழும்பும் என்று ஆசாரி முகம் சுளிப்பார். அதில் நியாயமும் இருக்கிறது.

கடைசி வழி, சுரண்டாமலே விடுவது. உரியாமல் நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரமான வாட்டர் பேப்பரால் லேசாகத் தடவி, ப்ரைமரும் புதுப் பெயிண்டும் அடித்து மூடிவிடுவது. ‘அய்யா காலத்துப் பர்மா தேக்கு, அதைத் திறந்து பாலிஷ் போடாம மேலேயே பெயிண்ட் அடிச்சு மறைக்கிறதா?’ என்று ஆச்சிமார் கேட்பார்கள். அந்த வருத்தம் புரிகிறது. மேலே மேலே பூச்சு ஏற ஏறச் செதுக்கல் மழுங்கும் என்பதும் உண்மை. ஆனாலும், பிள்ளை வர மூன்று மாதம் இருக்கிறது என்றால் நான் மூடுவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். தேக்கு அங்கேயேதான் இருக்கும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, வீடு காலியாக இருக்கும் ஒரு வருடத்தில், ஒழுங்காக ஈர முறையில் திறந்து பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்.

மூடினால் போதாத இடங்களும் உண்டு. கதவு நிலையோடு உரசும் விளிம்பு, ஜன்னல் சிறகுகள் ஒன்றோடொன்று தேயும் ஓரம் ஆகியவற்றில் புதுப் பெயிண்டும் சேர்ந்தே பொடியாகும். அவற்றைக் கழற்றி வீட்டுக்கு வெளியே ஈரமாகச் சுரண்டுவதே சரி. குழந்தை எழுந்து நின்று பிடித்துக்கொண்டு வாய் வைக்கும் உயரத்தில் இருக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் அதே கவனம் வேண்டும். நிலைக்கு மேலே கையெட்டாத கஜலட்சுமியை அப்படியே விட்டுவிடுங்கள், உரியாதவரை அதனால் தொந்தரவு இல்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே பெயிண்ட் உப்பியிருந்தால் முதலில் ஓட்டைச் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் எந்த முறையும் நிற்காது.

கம்பிக்குப் புதுப் பெயிண்ட் வாங்கும்போது தொழிற்சாலை உபயோகத்துக்கானதை வாங்க வேண்டாம். 90 பிபிஎம் விதி வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான்.

வேலை முடிந்தபின் விளக்குமாற்றைத் தொடாதீர்கள். கூட்டினால் இறங்கிய தூசி மறுபடி எழும்பும். சாதாரண வேக்குவம் கிளீனரும் நைசான தூசியைப் பின்பக்கமாக வெளியே தள்ளும். இந்த ஒரு விஷயத்தில் ஆத்தங்குடிக் கல் தரை நமக்கு வரம். ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாக வந்துவிடும். தண்ணீரை மாற்றி மாற்றிப் பல தடவை துடைக்க வேண்டும். இவ்வளவு நாளும் மகளும் குழந்தைகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

அடுக்களையில்

காரீயம் பாத்திரம் வழியாகவும் வரும். இங்கே முடிவு சுலபம், எவர்சில்வர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் சுத்தமான வெள்ளீயம் (டின்) போட்டால் பிரச்சினை இல்லை. விலை குறைவு என்று காரீயம் கலந்தால், புளி ரசம் அதைக் கரைத்து எடுக்கும். ஈயச்சொம்பும் அப்படித்தான், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சீர் சாமானில் வந்த பழைய எனாமல் தூக்கையும், உள்ளே பளபளப்புப் பூச்சு உள்ள ஊறுகாய் ஜாடியையும் பார்வைக்கு வையுங்கள், புளிப்புப் பண்டம் வைக்க வேண்டாம். பழைய உலோகங்களை உருக்கி வார்க்கும் மலிவு அலுமினியச் சட்டியையும் தவிர்ப்பேன். மஞ்சளில், விரலியாக வாங்கி அரைத்தால் போதும் என்பது முழு உண்மை இல்லை. வங்கதேசத்தில் லெட் குரோமேட் என்ற காரீய மஞ்சள் நிறமியை விரலிக்கு மெருகேற்றும்போதே போட்டார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளைவிட மங்கலான, மெருகேற்றாத விரலி மேல். குழந்தைக்குக் கடையில் விற்கும் சுர்மா என்ற கண் மை வேண்டவே வேண்டாம்.

பழைய வீட்டில் ஏற்கெனவே சுரண்டல் நடந்து, குழந்தையும் அங்கே இருந்திருந்தால், கையின் இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்துக் காரீய அளவு பார்க்கச் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமையே கவனிக்க வேண்டிய அளவாக வைத்திருக்கிறது. காரீயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாக 45-க்கு மேல்தான். அதற்குக் கீழே காரீயம் வரும் வழியை அடைப்பதும், இரும்பும் கால்சியமும் உள்ள சாப்பாடும்தான் சிகிச்சை. கேழ்வரகும் கீரையும் நம் வீட்டில் இல்லாததா?

இன்னொன்று, கூலி பேசும்போதே பேச வேண்டியது. அந்தத் தூசியில் நாள் முழுக்க நிற்பவர் பெயின்டர். அவர் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு போவதை அவர் வீட்டுப் பிள்ளை தொடும். எட்டுக்கட்டு வீடு வைத்திருப்பவர்கள், அவர் குளித்து உடை மாற்றிக்கொண்டு கிளம்ப ஒரு அறையும் தண்ணீரும் சோப்பும் கொடுக்க முடியும். நல்ல முகமூடி வாங்கித் தர முடியும். ஈர முறைக்கு ஆகும் கூடுதல் நாட்களின் கூலியை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் அவர் மெஷினைத்தான் எடுப்பார்.