இடது காதில் பாடாத பிளேயர்: மாற்றி வாங்குவதா, ரிப்பேருக்குக் கொடுப்பதா?

அப்பா காலை நடைக்குப் போகும்போது பாட்டுக் கேட்கட்டும் என்று வாங்கிக் கொடுத்த எம்பி3 பிளேயர், ஐந்தாம் நாளே மக்கர் பண்ணியது. சில நேரம் 'லோடிங்' என்று திரை அப்படியே நின்றுவிடும். பாடினாலும் இடது காதில் சத்தம் விட்டு விட்டு வரும். கடையில் மாற்றுவதா, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கொடுத்துச் சரி செய்வதா என்று யோசித்துவிட்டு, மாற்றித்தான் வாங்கினேன். மறுபடி நேர்ந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ரிச்சி தெருவில் வேலை சீக்கிரம் முடியும். "ஜாக்குல சால்டர் விட்டிருக்கும், 200 ரூபாய், அரை மணி நேரம்" என்றார் மெக்கானிக். இயர்போன் செருகும் துளையில் (ஜாக்) பற்றவைப்பு விட்டுப்போயிருக்கும் என்று அர்த்தம். அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் வெளியாள் மூடியைத் திறந்த பொருளுக்கு வாரண்டி கேட்டுப் போய் நிற்க முடியாது. பிளேயர் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அவரிடமே கொடுத்திருப்பேன்.

மாற்றி வாங்குவதில் ஒரே ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: கோளாறு கடைக்காரர் முன்னால் தெரிய வேண்டும். விட்டு விட்டு வரும் கோளாறு கவுண்டரில் மட்டும் வரவே வராது. முதல் முறை போனபோது, "கார்டு பிரச்சினையா இருக்கும் சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து சோதித்தால், அதில் பாதி உண்மை. நான் போட்டிருந்தது 64 ஜிபி மெமரி கார்டு. அந்த அளவு கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு முறையில் ஃபார்மேட் ஆகி வரும். இந்தப் பிளேயருக்கு ஃபேட்32 என்ற வேறு முறை மட்டும்தான் தெரியும். அட்டைப் பெட்டியிலேயே '32 ஜிபி வரை' என்று போட்டிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. பழைய 16 ஜிபி கார்டைப் போட்டதும் லோடிங் தொல்லை போய்விட்டது.

அப்புறம் காது. கார்டை எடுத்துவிட்டு உள் மெமரியில் இருந்த பாட்டைப் போட்டேன். இயர்போனை மாற்றியும் இடது பக்கம் அதே கதை. அதே இயர்போன்கள் போனில் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பாடின. பிளக்கை மெல்லச் சுற்றினால் ஒரு கோணத்தில் சத்தம் வரும், விரலை எடுத்தால் போய்விடும். கோளாறு ஜாக்கில்தான், சந்தேகமே இல்லை.

பில்லில் இருந்த கெடு 7 நாள். ஏழாம் நாள் பெட்டி, பில், சார்ஜர் ஒயரோடு போனேன். கிளம்பும் முன் பாட்டுகளையும், என் மகள் தாத்தாவுக்காகப் பாடிப் பதிவு செய்திருந்ததையும் கணினிக்கு மாற்றிக்கொண்டேன். கார்டு இல்லாமல் பாட்டைப் போட்டு, இயர்போனைக் கடைக்காரர் காதிலேயே வைக்கச் சொல்லிவிட்டுப் பிளக்கைச் சுற்றினேன். தலையை ஆட்டிவிட்டுப் புதிது எடுத்துக் கொடுத்தார். அதையும் அங்கேயே என் இயர்போனில் கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

ஆன்லைனில் வாங்கியதை மாற்றிய அனுபவம் எனக்கு ஒரே ஒரு தடவைதான், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கெடுவுக்குள் போயும் கடை மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்; எனக்கு அதற்குத் தேவை வரவில்லை. புதுப் பிளேயரில் இப்போது 32 ஜிபி கார்டு இருக்கிறது.