‘நல்லாக் கேக்குதா?’ என்று காட்டி விற்ற ஆண்டெனா

சிங்கப்பூரில் சின்னப் படகு வைத்திருப்பவர்கள் ரேடியோ ஆண்டெனா வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 280 வெள்ளி (டாலர்) கொடுத்து நான் ஏமாந்த கதை இது. கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

எனக்கும் மச்சானுக்கும் பாதிப் பாதியாக 19 அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுவோம், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தென் தீவுகளுக்குக் கூட்டிப் போவோம். அதிலுள்ள 25 வாட் விஎச்எஃப் கடல் ரேடியோ செட் நல்ல செட். பழைய ஆண்டெனா மட்டும் உப்புக் காற்றில் உளுத்துப் போயிருந்தது.

கடைக்காரர் தமிழர். “வாங்க தம்பி, உக்காருங்க” என்று காப்பி வரவழைத்தார். நம்மாள்தானே என்று நானும் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மீட்டர் நீள வெள்ளைக் குழாயை எடுத்து வைத்தார். பெட்டியில் கொட்டை எழுத்தில் 9 டெசிபெல், அதாவது ஆண்டெனா சக்தியை எவ்வளவு குவித்து அனுப்பும் என்று சொல்லும் எண். “3, 6 எல்லாம் பழைய காலம் தம்பி. இதப் போட்டா பாத்தாம் தாண்டிப் பேசலாம்.” பாத்தாம் என்பது எதிரே இருக்கும் இந்தோனேசியத் தீவு. நான் சந்தேகமாகப் பார்த்ததும், கடையிலிருந்த செட்டில் அதை மாட்டிச் சேனல் 14க்குத் திருப்பினார். துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையமும் கப்பல்களும் பேசுவது கணீரென்று வந்தது. “நல்லாக் கேக்குதா?” கேட்டது. பர்ஸைத் திறந்துவிட்டேன்.

நான் விழுந்த இடம் அதுதான். இந்த ஊரில் சேனல் 14 கேட்பதெல்லாம் ஒரு சோதனையா? கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் கப்பல். ஒவ்வொன்றும் இருபது முப்பது மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வைத்து 25 வாட்டில் பேசுகிறது. துணி காயப்போடும் கம்பியைச் செருகினாலும் ஏதாவது கேட்கும். ஆண்டெனாவின் லட்சணம் நாம் பேசும்போதுதான் தெரியும். கடைக்குள் உட்கார்ந்து பேசிப் பார்க்க முடியாது, பேசவும் கூடாது. விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது கூசு தீவுக்குப் பக்கத்தில். ஒன்பதாம் சந்திர மாதம், ஆமைத் தீவு என்று சொல்லும் அந்தத் தீவின் கோயிலுக்குக் கூட்டம் போய்வரும் சமயம். ஃபெரி கிளப்பும் அலையில் படகு தொட்டிலாக ஆடியது. பிளாஸ்டிக் கோணி ஒன்று புரொப்பெல்லரில் சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. நீரோட்டம் எங்களைக் கப்பல் போகும் பாதைப் பக்கம் தள்ளத் தொடங்கியது. ஆபத்துக்குக் கூப்பிடும் சேனல் 16ல் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அரை மைல்கூட இருக்காது, அங்கே நின்ற இழுவைப் படகுதான் பதில் சொன்னது: விட்டு விட்டு வருகிறது, திரும்பச் சொல்லுங்கள். மூன்று முறை சொல்லியும் அதே பதில். மச்சான் பையிலிருந்த 5 வாட் கையடக்க செட்டை எடுத்து ஒரே ஒரு முறை பேசினான். “தெளிவாகக் கேட்கிறது, எங்கே இருக்கிறீர்கள்?” என்றார்கள். 25 வாட் தோற்று 5 வாட் ஜெயித்தது. கோணியை அறுத்து எடுத்துக் கரை சேர்ந்தது வேறு கதை.

படகு நிறுத்தும் இடத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைச் செட்டுக்கும் ஆண்டெனாவுக்கும் இடையில் போட்டுப் பார்த்தார். முள் 3ஐத் தாண்டி நின்றது. 1.5க்குள் இருக்க வேண்டுமாம். 3 என்றாலே அனுப்பும் சக்தியில் கால்வாசி செட்டுக்கே திரும்பி வருகிறது என்று பொருள். பிளக்கைக் கழற்றினார். கேபிளின் வெளிப் பின்னலை ஈயம் வைத்துப் பற்றவே இல்லை, சும்மா மடித்துத் திணித்திருந்தார்கள். அவர் தொட்டதும் கையோடு வந்தது.

வந்த ஆத்திரத்தில் குழாயை ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே கேபிளின் நடுக் கம்பியோடு பற்றவைத்த ஒரு செம்புக் கம்பி, 48 சென்டிமீட்டர். மீதிக் குழாய் வெறும் காற்று. பின்னல் எதோடும் சேரவில்லை, அந்தரத்தில் தொங்கியது. பெரியவர் சிரித்துவிட்டார். அது கால் அலை நீளக் கம்பியாம். கீழே உலோகத் தளம் இருந்தால் வேலை செய்யும். ஃபைபர் படகில் உலோகம் ஏது?

“ஒன்றரை மீட்டர்ல 9 டெசிபெலா? டேப்ப வச்சு அளந்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்குமே” என்றார். 3 டெசிபெல் என்று விற்பது சுமார் ஒரு மீட்டர் இருக்கும், 6 டெசிபெல் சுமார் 2.4 மீட்டர். 9 டெசிபெல் அதைவிட எவ்வளவோ நீளம், 19 அடிப் படகில் நிறுத்தவே முடியாது.

அசல் 9 டெசிபெல்லே கிடைத்திருந்தாலும் எனக்கு அது தண்டம்தான். எண் கூடினால் புதிதாகச் சக்தி பிறப்பதில்லை. இருக்கும் சக்தியையே தோசை மாதிரி தட்டையாகப் பரப்புகிறது. பெரிய கப்பல் அவ்வளவாக ஆடாது, சரி. நம் படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தத் தோசையின் ஒரு விளிம்பு கடலுக்குள், மறு விளிம்பு வானத்தில். பாத்தாம் கதையும் அப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டரில் இருக்கும் ஆண்டெனாவுக்கு அடிவானம் மூன்றரைக் கடல் மைல். எதிரே இருப்பதும் நம்மைப் போன்ற படகு என்றால் ஏழு மைல். உயரத்தை மாற்றாமல் பெட்டியிலுள்ள எண் அதை நீட்டாது.

கடைக்காரர் கேபிளிலும் கைவைத்திருந்தார். எனக்குத் தேவை ஐந்து மீட்டர். பத்து மீட்டர் மெல்லிய ஆர்ஜி-58 ரகக் கேபிளைத் தலையில் கட்டி, “மிச்சத்தச் சுருட்டி வைங்க” என்றார். பத்து மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தி கேபிளிலேயே போய்விடுகிறது.

இப்போது போட்டிருப்பது ஒரு மீட்டர், 3 டெசிபெல், உலோகத் தளம் தேவைப்படாத அரை அலை ஆண்டெனா. சற்றுத் தடிமனான ஆர்ஜி-8எக்ஸ் கேபிளை ஐந்து மீட்டரில் நறுக்கி, பிளக்கைப் பெரியவரே பற்றவைத்துக் கொடுத்தார். மீட்டர் 1.3 காட்டியது. கரையை விட்டுக் கிளம்பி, தூரத்தில் நின்ற நண்பரின் படகோடு பேசிப் பார்த்த பிறகுதான் பணம் போன எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

இனி ஒரு தப்பு, என்னுடையது. அறுக்கும் முன் படம் எடுக்கவில்லை. இரண்டு துண்டுகளையும் தமிழ் முரசு நாளிதழ்த் தாளில் சுற்றிக் கடைக்குப் போனேன். “நீங்களே வெட்டிட்டீங்க, வாரண்டி போச்சு தம்பி. அன்னைக்கு நல்லாக் கேட்டுச்சுல்ல?” என்றார். இந்தத் தடவை காப்பி வரவில்லை. நீங்கள் முதலில் மீட்டர் காட்டும் எண்ணையும் பிளக்கையும் படம் எடுங்கள், ரசீதில் ‘9 டெசிபெல்’ என்று எழுதி வாங்குங்கள், அப்புறம் ரம்பத்தைத் தொடுங்கள்.

வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் இங்கே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். பயனீட்டாளர் சங்கத்தில் சொல்லிவிட்டு, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டிப் பதிந்திருக்கிறேன். தேதி வந்திருக்கிறது. குழாய்த் துண்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, பெருக்கும்போது தூக்கிப் போட்டுவிடாதே என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.