உழவும் உண்ணிக்கொக்கும்: 24-70 லென்ஸா, 100-400 லென்ஸா?

கொங்கில் மழை விழுந்து டிராக்டர் காட்டுக்குள் (வயலுக்குள்) இறங்கினால், புரளும் மண்ணில் புழு பொறுக்க உண்ணிக்கொக்குகள் கூடிவிடும். ஆளும் பறவையும் ஒரே படத்தில் வர எந்த லென்ஸ்: அகலமாகக் காட்டும் 24-70 மி.மீ.-ஆ, தூரத்தை இழுத்துக் காட்டும் 100-400 மி.மீ.-ஆ?

நெருக்கம்: 24-70க்குச் சில மீட்டர் அருகில் போக வேண்டும். டிராக்டருக்குப் பழகிய கொக்கு, நடந்து வரும் ஆளைக் கண்டால் பறக்கும். வரப்பில் உட்கார்ந்து, உழவு உங்களை நோக்கி வரும்வரை காத்திருங்கள். 100-400க்கு 30 மீட்டர் தள்ளி நின்றாலே போதும்.

தெளிவு: 24 மி.மீ., எஃப்/8 (லென்ஸ் துளை அளவு; எண் கூடினால் துளை சிறுத்து, முன்பின் அதிகம் துலங்கும்) வைத்தால் கொக்கு, உழவர், பின்னாலுள்ள பனைவரிசை எல்லாம் துலங்கும். 400 மி.மீ., எஃப்/5.6-இல் கொக்கு மட்டும் துலங்கி, ஐந்து மீட்டர் பின்னாலிருக்கும் உழவர் மங்கிவிடுவார்; படத்தின் உயிரே போய்விடும். 200 மி.மீ., எஃப்/11-க்கு வாருங்கள். வெயில் ஏறினால் கானலில் தூரப்படம் குழையும், காலையிலேயே முடியுங்கள்.

எடை: முன்னது ஒரு கிலோவுக்குள், பின்னது ஒன்றரைக் கிலோ அளவில்.

இரண்டுக்கும் பொது: கரிசல்மண்ணில் வெள்ளை இறகு வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதி வரை, குறையுங்கள். ஷட்டர் 1/1000 நொடியைவிட மெதுவாக வேண்டாம்.

காட்டு உழவுக்கு 24-70 தான் என் தேர்வு. வால்பாறைச் சாலையில் வரையாடு, சிங்கவால் குரங்கு என்றால் 100-400 மட்டுமே; அங்கே நெருங்கவே கூடாது, தீனி காட்டி அழைக்கவும் கூடாது.